தேவசிகாமணி அண்ணாச்சியின் காலணா

பாளையங்கோட்டையில் சோடாக் கம்பெனி வைத்திருந்த தேவசிகாமணி அண்ணாச்சிக்கு வேதத்தில் தெரியாத வசனம் கிடையாது. தன் கம்பெனி சிலிண்டரைப் பற்றித்தான் ஒரு இழவும் தெரியாது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அவரை அவ்வளவு நல்லவராக நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

நான் அங்கே எந்திரம் பார்க்கிற பிட்டர். என் பெண்டாட்டி பாக்கியவதி சிலிண்டரை ஒட்டி உட்கார்ந்து நாள் முழுக்கப் புட்டி கழுவுவாள். கப்பலில் வரும் அந்த இரும்புச் சிலிண்டருக்குள், சோடாவுக்கான காற்றை நெருக்கித் தண்ணீராகவே ஆக்கி அடைத்திருப்பார்கள். அதன் கழுத்தில் ஒரு மெல்லிய செம்புத் தகடு உண்டு. வெயிலில் நெருக்கம் மிஞ்சினால் தகடு கிழியும், காற்று போகும், ஆள் பிழைப்பான்.

போன சித்திரையில் அது இரண்டு தரம் கிழிந்தது. "கிழியுததுக்குன்னே எவனாவது தகடு செய்வானா வே" என்று அண்ணாச்சி வெள்ளைக்காரனையே பரிகாசம் பண்ணினார். இரண்டாந்தரம், நான் ஊரில் இல்லாத நாளில் ஆள் வைத்துப் புதுத் தகடு மாட்டிவிட்டதாகச் சொன்னார். அப்புறம் கிழியவே இல்லை. ஜெபத்தின் பலன் என்றார். அத்தோடு உள்ளே வருவதையும் நிறுத்திவிட்டார், வெக்கை தாங்கவில்லையாம். வாசலில் நின்றே அதிகாரம் பண்ணுவார்.

கோயில் விருந்தான அசனத்துக்கு முந்தின நாள், தகட்டை மூடிய திருகின் ஓரத்தில் சீறல் கேட்டது. நாளைக்கு ஊருக்கே சோடா போகணும், திருகை இறுக்கு என்று வாசலிலிருந்து உத்தரவு வந்தது. நிறைந்த சிலிண்டரில் அந்தத் திருகைத் தொடுகிறவன் தலை தோளில் நிற்காது. பாக்கியவதியை வெளியே அனுப்பினேன். சிலிண்டரை வெட்டவெளிக்கு நகர்த்தி, வால்வைப் பையத் திறந்தேன். அண்ணாச்சி தெருவில் நின்று கத்தினார். பொழுது சாயும்வரை அது வெண்பனியாய்க் கொட்டியது. முழுக்க அடங்கிய பிறகே திருகைக் கழற்றினேன்.

உள்ளே தகடு இல்லை. அரத்தால் ராவி அளவாக்கிய காலணா ஒன்று இருந்தது. ராசா தலை நெளியக்கூட இல்லை.

மறுநாள் அசனப் பந்தலில் அண்ணாச்சி எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் உள்ளத்தில் உணர்த்த, காற்றைத் திறந்துவிடச் சொல்லி இரண்டு உயிரைக் காப்பாற்றினாராம். பந்தலே ஆமென் என்றது. பாக்கியவதி எச்சில் கையோடு எழுந்தாள். மடியிலிருந்து காலணாவை எடுத்து அவர் இலையில், சோற்றுக்கு நடுவில் வைத்தாள்.

"இத வச்ச நாள்லேருந்து நீங்க உள்ள வரவே இல்லியே அண்ணாச்சி. அதையும் கர்த்தர்தான் உணர்த்துனாரா?"