மன்னிப்புக்கு மூன்று நாள்

காலை ஆறு பத்துக்கு வாயில் பிரஷ்ஷோடு கம்ப்யூட்டர் முன்னால் குனிந்த போப்பு, பேஸ்ட் நுரையை அப்படியே விழுங்கிவிட்டார். திரையில் விரிந்திருந்த வரைபடத்தின் வடக்கு ஓரத்தில், பனிமலைக்கு அந்தப் பக்கம், ஒரு ராஜா தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் படை இல்லை. கொடி பிடிக்க ஆள் இல்லை. எட்டு வருஷமாகக் கோட்டையை விட்டு நகராதவர், தெற்கே பார்த்து முதல் கட்டத்தை எடுத்து வைத்திருந்தார். தெற்கே மலை, மலைக்குக் கீழே சமவெளி, சமவெளியின் கடைசியில் ரோமாபுரி. ரோமாபுரியில் பாப்பரசர். பாப்பரசர் என்றால் வேறு யாருமில்லை, வாயில் பிரஷ்ஷோடு நிற்கிற இவர்தான்.

போப்பு என்ற பெயர் வந்த கதை குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஏணி இரவல் கேட்க மேலே வந்த இரண்டாம் மாடி டீச்சர், ஏணியைப் பார்ப்பதற்கு முன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டார். "இது என்ன வெளாட்டு சார்? இதுல நீங்க யாரு?" என்று கேட்க, மனிதர் கொஞ்சமும் சிரிக்காமல், "நான் போப்பாண்டவர்" என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் ஏணியோடு இரண்டு மாடி இறங்குவதற்குள் செய்தி நான்கு மாடிக்கும் பரவிவிட்டது. எந்தக் கோயில் வாசலையும் மிதித்து யாரும் பார்த்திராத ஆள். பிழைப்பு லிஃப்ட் ரிப்பேர். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டோ மாதத்தில் பாதி நாள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு, லிஃப்ட்காரர் வீட்டுக்குப் படிக்கட்டு. கேட்டால், "அது வேற கம்பெனி மேடம், நாங்க கை வெக்கக் கூடாது" என்பார். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லையா, பண்ணிக்கொள்ளவில்லையா என்பதை டீச்சர் பத்து வருஷமாகத் துருவியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

விளையாட்டைத் தொடங்கியது பதினோரு வருஷத்துக்கு முன்னால். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரே விடுதி அறையில் கிடந்த ஆறு மெக்கானிக்குகள், ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். திருச்சபை நாடு என்று எழுதிய சீட்டு இவருக்கு விழுந்தபோது மற்ற ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரிய படை கிடையாது. கப்பல் கிடையாது. கல்யாணம் பண்ணிக் கொடுத்து நாடு சேர்க்க முடியாது, வாரிசு கிடையாது. கர்தினால்கள் என்ற மூத்த குருமார்கள் கூடி ஒரு கிழவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் கொஞ்ச காலத்தில் போய்ச் சேருவார், பிறகு இன்னொரு கிழவர். "பொருத்தமான ஆளுக்குத்தான்டா போயிருக்கு" என்றான் நெட்டை. ஆறு பேரில் அவன்தான் உயரம். இவருக்கு அவன்தான் நெருக்கம். நெட்டைக்கு வடக்கு ராஜ்ஜியம் விழுந்திருந்தது.

ஆனால் திருச்சபை நாட்டுக்கு என்று ஓர் ஆயுதம் உண்டு. கடிதம். ராஜாக்களை வாழ்த்தலாம், கண்டிக்கலாம், இரண்டு பேர் சண்டையை விலக்கிவிடலாம். மற்றவர்கள் தயாராக இருக்கும் வாசகங்களில் ஒன்றைத் தட்டி அனுப்பினார்கள். இவர் மட்டும் உட்கார்ந்து சொந்தமாக எழுதினார். 'அன்பு மகனே, உன் எல்லையில் மழை பெய்ததாக அறிந்தோம்' என்று ஆரம்பித்து, 'ஊழியருக்கெல்லாம் ஊழியன்' என்று கையெழுத்திட்டு முடிப்பார். பகலில் கிரீஸ் அப்பிய விரல், காலையில் ராஜாக்களுக்கு ஆசி வழங்கும். விளையாட்டில் ஒரு நாள் என்றால் வெளியிலும் ஒரு நாள்; தினமும் ஆறு மணிக்கு ராஜாக்களின் காய்கள் நகரும், அதற்குப் பிறகு பாப்பரசரின் முறை. இந்தப் பதினோரு வருஷத்தில் மூன்று பாப்பரசர்கள் காலமாகி, இப்போது இருப்பவர் நான்காமவர். ஒவ்வொருவர் போனபோதும் இவர் அன்றைக்கு சவரம் செய்துகொள்ளாமல் வேலைக்குப் போனாராம். இது டீச்சர் சொன்னது, பாதியை நம்பலாம்.

கடிதத்தைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு. சபை நீக்கம். அதை எடுத்தது ஒரே ஒரு முறை, நெட்டையின் மேல். கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானபோது இரண்டு பேருமே எழுதிப் போட்டார்கள். 'இந்த ஆள் வேலை நேரத்தில் போனில் ராஜ்ஜியம் ஆளுகிறார்' என்று யாரோ மேனேஜர் காதில் ஓத, இடம் நெட்டைக்குப் போனது. ஓதியது நெட்டைதான் என்று இவர் முடிவு கட்டினார். மறுநாள் காலை பாப்பரசர் வடக்கு ராஜாவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஒரு வாரத்தில் ராஜாவின் பிரபுக்கள் திரும்பிக்கொண்டார்கள், பெற்ற மகனே கோட்டையில் பாதியைப் பிடித்துக்கொண்டான். நெட்டையிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: "டேய், வெளாட்டுக்குத்தானே?" இவர் பதில் போட்டார்: "போப்பாண்டவர் வெளாட மாட்டார்." அதோடு சரி. நெட்டை வேறு ஊர்க் கிளைக்கு மாறிப் போய்விட்டான்.

ஓதியது ஸ்டோர் கீப்பர். இது கம்பெனி வாட்ச்மேன்வரைக்கும் தெரிந்த விஷயம். இவருக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற்ற நாளில், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு, "நான்தாம்பா போட்டுக் குடுத்தேன், மனசுல வெச்சுக்காதே" என்று தானாகவே சொன்னார். இவர் கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சபை நீக்கத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தால் விதி இடம் கொடுக்கவில்லை. விலக்கப்பட்டவனுக்குக் கடிதம் போகாது, அவனிடமிருந்தும் வராது. விலக்கப்பட்ட ராஜா, படையில்லாமல், தானே வந்து பாப்பரசர் முன்னால் மூன்று நாள் நிற்க வேண்டும். நிஜ சரித்திரத்திலும் ஒரு ராஜா அப்படிப் பனியில் வெறுங்காலோடு மூன்று நாள் நின்றிருக்கிறார். விதி அப்படி இருக்கும்போது நாம் என்ன செய்ய முடியும் என்று இவர் ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார். விளையாட்டில் கடிதம் போகாதே தவிர, போன் போகும். அதை யாரும் தடுக்கவில்லை.

இதற்கிடையில் மற்ற நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒருவன் செத்துப்போனான், ஒருவன் நம்பரை மாற்றினான், மற்றவர்கள் சும்மாவே நின்றுபோனார்கள். ஒருவன் முப்பது நாள் ஆட வரவில்லையென்றால் அவன் இடத்தில் மிஷின் உட்கார்ந்துகொள்ளும். கொடி அதே, ராஜா அதே. யார் ஆள், யார் மிஷின் என்று விளையாட்டு சொல்லாது. தெற்கு ராஜா இன்றைக்கும் 'தங்கள் ஆசியை வேண்டுகிறோம்' என்று எழுதுகிறார். இவரும் உட்கார்ந்து அரைப் பக்கம் பதில் எழுதுகிறார்.

இந்த மாதம் எட்டாம் தேதி விளையாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு போட்டது. ஒரே ஒரு மனிதர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டங்கள் எல்லாம் முப்பதாம் தேதியோடு அழிக்கப்படும். இவர் ஆட்டம் அந்தக் கணக்கில் வருமா என்று அதில் இல்லை. நாலு நாள் கழித்து, பன்னிரண்டாம் தேதி காலையில்தான், வடக்கு ராஜா கோட்டையை விட்டுக் கிளம்பி இவர் நுரையை விழுங்கினார்.

நெட்டையா? அறிவிப்பு அவனுக்கும் வந்திருக்குமே. ஆனால் ராஜ்ஜியம் கையை விட்டுப் போகிற நிலைமையில் மிஷினும் ராஜாவை மன்னிப்புக்கு அனுப்பும் என்று விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. போனை எடுத்தார். எட்டு வருஷத்து அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே 'நீதானா?' என்று அடித்தார். அழித்தார். 'என்ன நான்தானா?' என்று பதில் வந்துவிட்டால்? மலையில் நடந்து வருகிற அந்த ராஜா அந்த நொடியே மிஷினாகிவிடுவார். தெரியாத வரைக்கும் ஓர் ஆள் இருக்கிறான். தெரிந்துவிட்டால் அவனும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள்.

"என்னடா பண்ற?"

"சும்மாதான்க்கா. ஒருத்தர் வராரு. அவருக்காகக் காத்துட்டிருக்கேன்."

"யாரு? வீட்டுக்கா?" அக்காவின் குரலில் அப்படி ஓர் ஆவல்.

"இல்ல, ரோமாபுரிக்கு."

"உன் நாட்டுல பொம்பளையே கிடையாதாடா?" என்றாள். பிறகு வழக்கம்போல, இங்கே வந்து இருந்துவிடேன், மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது என்றாள். இவரும் வழக்கம்போல, பார்க்கலாம் என்றார்.

இருபதாம் தேதி மலையில் பனிப்புயல். ராஜா இரண்டு நாள் இருந்த இடத்திலேயே நின்றார். போப்பு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இனி ரோமாபுரி வாசலுக்கு வர இருபத்தொன்பது ஆகிவிடும். மூன்று நாள் நிற்க நாள் இல்லை.

இருபத்தோராம் தேதி மதியம் ஓர் அலுவலகக் கட்டடத்திலிருந்து அழைப்பு. லிஃப்ட் நடுவழியில் நின்று ஒரு பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். இவர் மேலே இயந்திர அறைக்கு ஏறிப் போய் உள்பேசியை எடுத்தார். "பயப்படாதீங்க, பொறுமையா இருங்க, உதவி வந்துட்டிருக்கு" என்றார்.

"இதத்தான் அரை மணி நேரமா ஒரு பொம்பள கொரல் சொல்லிட்டிருக்கு" என்றார் பெரியவர். "நீ ஆளா, மிஷினா?"

"ஆளுதாங்க."

"எப்படி நம்புறது? மிஷினும் ஆளுன்னுதான் சொல்லும்."

போப்பு யோசித்தார். "சார், நீங்க மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல இருக்கீங்க. எனக்குக் காலைல இருந்து முழங்கால் வலி. உங்களால ஏழு மாடி ஏறி வந்திருக்கேன். மனசார உங்களத் திட்டிக்கிட்டேதான் ஏறினேன்."

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "ஆளுதான்யா. மிஷினா இருந்தா இதச் சொல்லாது. தேவையில்லாதது எதையும் அது செய்யாதே."

பெரியவரை வெளியே எடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது ஐந்தாம் மாடியில் நின்றுவிட்டார். விதியில் 'ரோமாபுரி வாசலில்' என்று இல்லை. 'பாப்பரசர் முன்னால்' என்றுதான் இருக்கிறது. பாப்பரசர் எங்கே இருந்தாலும் அவர் முன்னால்தானே.

மறுநாள் காலை பாப்பரசர் நகரத்தை விட்டு வெளியே வந்தார். பதினோரு வருஷத்தில் ஒரு பாப்பரசரும் செய்யாத காரியம். 'சுவர்களுக்கு வெளியே பாப்பரசர் சிறைபிடிக்கப்படலாம். உறுதியா?' என்று திரை இரண்டு முறை கேட்டது. தெற்கு ராஜாவின் குதிரைப்படை நான்கு கட்டம் தள்ளித்தான் நின்றது. ஆசி கேட்பவர்கள்தான் முதலில் கத்தியை உருவுவார்கள் என்று இவருக்குத் தெரியாதா? உறுதி என்று இரண்டு முறையும் தட்டினார். வயதான காய், நாளைக்கு இரண்டே கட்டம்தான் நகரும். சமவெளியைத் தாண்டி, வடக்கே பார்த்து, தனியாகப் போனது. அந்த நாட்களில் குடியிருப்பில் போப்புவைப் படிக்கட்டில் பார்த்தவர்கள், ஆள் சவரம் செய்து, தலை வாரி, யார் வீட்டு விசேஷத்துக்கோ கிளம்பின மாதிரி இருந்தார் என்றார்கள். "என்ன சார், பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று டீச்சர் கேட்டுப் பார்த்தார். "ஒருத்தரப் பாக்கத்தான் மேடம்" என்றார். அன்று முழுக்க டீச்சருக்கு வேலை ஓடவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை, மலையின் இந்தப் பக்கத்து அடிவாரத்தில், இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. ராஜாவின் முறை. நாளைக் காலை அவர் ஒரு கட்டம் எடுத்து வைத்தால் போதும். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, மூன்று நாளும் ஆகிவிடும்.

இருபத்தேழாம் தேதி ஆறு மணிக்கு முன்பே போப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறு அடித்தது. தெற்கே ஒரு படகு நகர்ந்தது, கிழக்கே ஒரு படை திரும்பியது. வடக்கு ராஜா நகரவில்லை.

மிஷின் என்றால் நடந்திருக்கும். குறுக்கு வழி எதுவோ அதில் தயங்காமல் போகும், அதற்குத் தயங்கத் தெரியாது. ஆள் என்றால், தன்னைத் தேடி மலையடிவாரம்வரை வந்து நிற்கிற கிழவரைப் பார்த்துக் கை ஓடாமல் நின்றிருக்கலாம். அல்லது ஆள் என்றாலும், இன்றைக்கு ஆட மறந்து போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டிருக்கலாம். நெட்டை தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்; விடுதியில் அவனைக் காலைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்புவார்கள்.

போப்பு பாப்பரசரின் காயைத் தொட்டார். மிச்சமிருந்த அந்த ஒரு கட்டத்தையும் அதுவே கடந்தது. திரையில் பனி பெய்துகொண்டிருந்தது. கடைசியாக எந்தப் பக்கம் நடந்ததோ அந்தப் பக்கம் முகம் காட்டி நிற்பது காய்களின் வழக்கம். அதனால் ராஜா தெற்கே பார்த்தும், பாப்பரசர் வடக்கே பார்த்தும், எதிரும் புதிருமாக நின்றார்கள். மேலே மூலையில் 'முதல் நாள்' என்ற எழுத்து வந்தது. போப்பு போனை எடுத்து, அதன் திரை மேலே தெரியும்படி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், இரண்டு காய்களின் தொப்பிகள் மேலும் பனி ஒரே அளவில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.