யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?

ஸ்ட்ரெச்சர் படித்திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, அதில் யாரும் இல்லை. வண்டி ஓட்டிவந்தவர் தலைமாட்டைத் தூக்கிப் பார்த்தார், கால்மாட்டைத் தூக்கிப் பார்த்தார், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம்.

“இதுல ஆளைப் படுக்க வெச்சு ஆறு மாடி இறக்குறதெல்லாம் நடக்கிற காரியமில்ல சார். லிஃப்ட் எவ்வளவு பெருசு?”

“நாலு பேர் நிக்கலாம். படுக்க முடியாது,” என்றான் மேனேஜர்.

அவனுக்குத் தெரியாததா? அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு மெக்கானிக்கே அவன்தான். “நாற்காலியில உட்கார வெச்சுக் கொண்டுபோயிடலாம். உடம்பு விறைக்கிறதுக்குள்ள செஞ்சிடணும்,” என்று சேர்த்துக்கொண்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பீரோ இறக்குகிறவன் பேசுகிற பேச்சா இது? காலையில் போயிருப்பது அப்பா.

மேனேஜர் என்றால் அவன் எந்த ஆபீசுக்கும் மேனேஜர் இல்லை. ஆறு வயதில் ஒரு டிவி காமெடித் தொடரில் நடித்தான். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லாம் அசடுகள், ‘மேனேஜர்’ என்று பட்டப்பெயர் வாங்கிய குட்டிப் பையன் ஒருவன்தான் விவரமானவன் என்று போகும் கதை. யாராவது எதையாவது சொதப்பி வைத்தால், பையன் இடுப்பில் கைவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “இதை யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?” என்பான். அவ்வளவுதான், ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு காலத்தில் ஊரில் எந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் யாராவது அந்த வசனத்தைச் சொல்லாமல் இருந்ததில்லை.

பிறகு அவனுக்கு மீசை அரும்பியது. குரல் உடைந்து, அதே வசனம் தகர டப்பாவை இழுத்த மாதிரி வந்தது. கதையில் அவனை விடுதிக்கு அனுப்பிவிட்டு, சித்தி மகன் என்று சொல்லி வேறொரு பொடியனைக் கொண்டுவந்தார்கள். ஒரு பற்பசை விளம்பரம், இரண்டு படத்தில் நாயகனுக்குத் தம்பி, சில கடைத் திறப்பு விழா. அதோடு நடிப்பு முடிந்தது. பாலிடெக்னிக் படித்து லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தான். தலை பாதி நரைத்த பிறகும், பழுது பார்க்கப் போன இடத்தில் யாராவது உற்றுப் பார்த்து, “நீங்க அந்த மேனேஜர்தானே? ஒரு தடவை சொல்லுங்களேன்” என்பார்கள். சொல்லிவிடுவான். சொல்லாவிட்டால் விடமாட்டார்கள்.

கூடத்தில் அக்கம்பக்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா உள்ளறைக் கட்டிலில், வெள்ளைப் போர்வைக்குள். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய மூச்சுதான். நுரையீரல் கெட்டு, மரம் அறுக்கிற சத்தம் ராப்பகலாக. இப்போது அது நின்றுவிட்டது.

“டீயை ஆத்திக்கிட்டு இருந்தேன்,” அம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “திடீர்னு ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் கேட்டுது. என்னடா இது, இத்தனை நாளா கேக்காத சத்தம்னு போய்ப் பாத்தா, அவர் போயிருந்தார். பாவம், விடுதலை. எனக்கும் ஒரு பக்கம் அப்பாடான்னுதான் இருந்துது. இதைச் சொன்னா என்ன நினைச்சுப்பீங்களோ.”

யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. சிக்கல் அது இல்லை. கண்ணீர் வரவில்லை.

அக்கா காலையிலிருந்து அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். நடுநடுவே அவன் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் சமையலறையில் வைத்துக் கேட்டேவிட்டாள்.

“ஒரு சொட்டு கூட வரலையாடா உனக்கு? டிவியில அத்தனை அழுகை அழுவியே.”

“வந்தா மட்டும்? ஆரம்பிச்சுட்டான்பா மேனேஜர்னு நீயே சொல்லுவே.”

அக்கா சொல்லியிருக்கிறாள், எத்தனையோ முறை. சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தபோது அரை மணி நேரம் யாரும் நம்பவில்லை. “நடிக்கிறான் பாரு” என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பழகியதுதான், ஆள் முன்னால் அழுவதே இல்லை என்று. இன்றைக்கு அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது என்று அதை விட்டுவிடலாம். ஆனால் அவன் பயம் வேறு. அப்பாவுக்கான அழுகை தன்னிடம் மிச்சமே இல்லையோ? எல்லாவற்றையும் சின்ன வயதிலேயே செலவழித்துத் தீர்த்துவிட்டோமோ?

அதற்குக் காரணம் அப்பாதான். காமெடித் தொடர் என்றாலும் வாரம் தவறாமல் கடைசியில் பையன் அழுகிற காட்சி ஒன்று வரும். முதல் முறை கண்ணில் கிளிசரின் விட்டார்கள். இமை இரண்டும் வெந்து வீங்கிவிட்டது. அச்சகத்தில் லீவு போட்டு மகனோடு வந்திருந்த அப்பா, இயக்குநரிடம் போய், “அந்தச் சனியன் வேணாம் சார், நான் அழ வெச்சுக் காட்டுறேன்” என்றார். நேராகக் கேமராவுக்குப் பக்கத்தில் போனார், ஒயர்களுக்கு நடுவே தரையில் மல்லாந்து படுத்தார், கையைக் காலைப் பரப்பிச் செத்துப்போனார்.

ஆறு வயதுப் பையன் கதறிவிட்டான். “கட்” என்றதும் அப்பா இடது கண்ணை மட்டும் திறந்து, மூடி, சிரித்துக்கொண்டே எழுந்து சட்டைத் தூசியைத் தட்டினார். அதற்குப் பிறகு வாராவாரம் அதுதான் ஏற்பாடு. அப்பா எழுந்துவிடுவார் என்று பையனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் இந்த முறை எழாமல் போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வரும். அது போதும். ஒரே டேக்கில் காட்சி முடிந்துவிடும். “பெத்த பிள்ளை முன்னாடி செத்து செத்து விளையாடுறது ஒரு பொழைப்பா?” என்று அம்மா மட்டும் திட்டுவாள்.

அம்மாவையும் அக்காவையும் முதலில் லிஃப்டில் கீழே அனுப்பினான். வந்திருந்தவர்கள் படியில் இறங்கினார்கள். அவனும் அத்தானும் அப்பாவைத் தூக்கிக் கைவைத்த நாற்காலியில் உட்கார்த்தி, போர்வையால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். அப்பாவுக்கு எடையே இல்லை.

லிஃப்ட் மேலே வந்ததும் அத்தான் கூடவே நுழையப் பார்த்தார்.

“நாற்காலி பாதி இடத்தை அடைச்சுக்கும் அத்தான். நீங்க படியில போங்க, நான் கொண்டாறேன்.”

“தனியாவா? தலை சாயுமேடா.”

“நான் புடிச்சுக்கிறேன்.”

கதவு மூடியது. அப்பாவின் தலை மெதுவாகச் சாய்ந்து அவன் வயிற்றில் வந்து நின்றது. உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்துக்கொண்டான். நெற்றி சில்லென்று இருந்தது. ஆறு, ஐந்து, நான்கு. கீழே கதவு திறந்தால் அத்தனை முகங்களும் அவன் முகத்தைத்தான் பார்க்கும். யாராவது போனைத் தூக்கிப் படம்கூடப் பிடிப்பார்கள்.

பொத்தான்களுக்குக் கீழே சின்னதாக ஒரு பூட்டு உண்டு. அதன் சாவி எப்போதும் அவன் கொத்தில் இருக்கும். யோசித்தெல்லாம் செய்யவில்லை, கை தானாகப் போய்த் திருப்பியது. நான்குக்கும் மூன்றுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.

விசிறி மட்டும் ஓடியது. அவன் அப்பாவின் இடது கண்ணைப் பார்த்தான். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். லிஃப்ட் வேலைக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இந்த வயதில் ஒரு பிணத்தின் கண் திறக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் பார்த்தான். இமை அசையவில்லை. கட் சொல்ல யாருமில்லை.

“அப்பா,” என்றான். குரல் அந்தச் சின்னப் பெட்டிக்குள் பெரிதாகக் கேட்டது. ஆயிரம் பேர் கேட்டுச் சொன்ன ஒரே ஒரு வசனம்தான் வாயில் இருந்தது.

“இதை யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?”

கை இடுப்புக்குப் போகவில்லை. சிரிப்புக் காட்டவும் இல்லை. நிஜமாகவே கேட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் வேண்டியிருந்தது.

அடுத்த நொடி உடைந்துவிட்டான். அது நடிகன் அழுகிற அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது, வாய் கோணியது, நடுநடுவே கேவலில் மூச்சு மாட்டிக்கொண்டது. இப்படி அழுதிருந்தால் எந்த இயக்குநரும் வேண்டாம் என்றிருப்பார். அப்பாவின் தலையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதான். அழ அழ, உள்ளே இறுகிக் கிடந்த என்னவோ இளகியது. இருக்கிறது, தீர்ந்துபோகவில்லை. அந்த நிம்மதிக்கும் சேர்த்து அழுதான்.

வெளியே யாரோ மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினார்கள். “உள்ள யாரு? லிஃப்ட் மாட்டிக்கிச்சா? பயப்படாதீங்க, மெக்கானிக்குக்குப் போன் போடுறேன்.”

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

கொஞ்ச நேரம் அடிக்கவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தான். “சொல்லுங்க.”

“தம்பி, மூணாவது மாடியிலேர்ந்து பேசுறேன். லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உடனே வாங்க, இன்னைக்குன்னு பாத்து இங்க ஒரு துக்கம். ஆறாவது மாடிப் பெரியவர்...” குரல் சட்டென்று நின்றது. “ஐயோ. தம்பி, நீயா?”

“நான்தான் சார்.”

“உள்ளயா இருக்கே?”

“உள்ளதான். அப்பாவும் இருக்கார்.”

ஒரே கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். எங்கிருந்து வந்ததோ, மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை, இரண்டும் ஒன்றாக வந்தன. இது மட்டும் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

“ரிப்பேரா தம்பி?” என்றார் மூன்றாவது மாடிக்காரர், மெதுவாக.

“இல்ல சார். இதோ வந்துடும்.”

“அவசரமில்ல. நிதானமா வா. நான் கீழ சொல்லிக்கிறேன்,” என்று போனை வைத்தார். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

சாவியைத் திருப்பினான். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அந்தக் குலுக்கலில் அப்பாவின் தலை லேசாக ஆடி, இடது இமை நழுவி, ஒரு நூலிழை திறந்துகொண்டது.

அவன் மூச்சை விடவில்லை. அது இமை நழுவியதுதான் என்று தெரியும். தெரிந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று, இரண்டு. பிறகு கட்டைவிரலை நீட்டி அந்த இமையை இறக்கிவிட்டான். இத்தனை வருடமாக அப்பாவே மூடிக்கொண்ட கண்.

“போதும்பா,” என்றான்.

கீழே கதவு திறந்தது. எதிர்பார்த்தபடி அத்தனை பேரும் நின்றார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. மூக்கு, கன்னம், சட்டைக் காலர் எல்லாம் ஈரம். யாரும் போனைத் தூக்கவில்லை. மூன்றாவது மாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் வந்து அவன் பிடரியில் கைவைத்தாள். சின்ன வயதில் கை முறிந்தபோது வைக்காத கை.

அம்மா நாற்காலிக்கு முன்னால் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மகன் முகத்தைப் பார்த்தாள்.

“தலையை நல்லாப் புடிச்சுக்கிட்டியா?”

“புடிச்சுக்கிட்டேன்மா.”

“சரி, தூக்குங்க,” என்றாள்.

வண்டிக்காரரும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, நாற்காலி வாசலைத் தாண்டியது. மேனேஜர் தலைப்பக்கம் நடந்தான். பின்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். காலிப் பெட்டி, சத்தமில்லாமல், ஏறிப் போனது.