ஊசி நுனி

அபிராமியின் ஆள்காட்டி விரலில் தையல் மெஷின் ஊசி ஏறி உடைந்திருந்தது. பனியன் கம்பெனியின் முதலுதவி அறைக்கு அவளைக் கூட்டி வந்தவன் அவள் புருஷன் முனீஸ். அவள் தைக்கும் லைனுக்கு அவன்தான் சூப்பர்வைசர்.

நர்ஸ் தெய்வாத்தாள் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். மணிக்கட்டில் வீக்கம் ஏன் என்றதற்கு, நேற்று மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான்.

"அவுங்க பேசட்டுங்க."

"அவளுக்குத் தொண்டை கட்டிருக்கு சிஸ்டர்."

இடுக்கியோடு குனிந்தவள் அபிராமியின் முகத்தைப் பார்த்தாள். கண் வெள்ளையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். துப்பட்டா கழுத்தை மூடிச் சுற்றியிருந்தது. படியில் விழுந்தால் இப்படி வராது. கழுத்தை நெரித்தால் வரும். நெரிபட்டவர்களுக்கு மறுநாள்கூட மூச்சு அடைக்கலாம். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவன் கூட வந்தால் அங்கேயும் இவன்தான் பேசுவான்.

ஊசித் துண்டு நுனியோடு முழுசாக வந்தது. தெய்வாத்தாள் அதைப் பஞ்சுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நுனியக் காணோமுங்க. லைன்ல விழுந்திருக்கும்."

முனீஸுக்கு முகம் மாறியது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை லைன் ஓடக் கூடாது. குழந்தைச் சட்டைக்குள் ஒன்று போய்விட்டால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும். தேடிக் கையெழுத்துப் போட வேண்டியது சூப்பர்வைசர். மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு, காந்தம் எடுக்க ஓடினான்.

தெய்வாத்தாள் கதவைச் சாத்தினாள்.

"ஊட்டுக்காரரு கழுத்தப் புடிச்சாரா கண்ணு?"

அபிராமி கதவையே பார்த்தாள். பிறகு, "கண்ணு இருட்டிருச்சு சிஸ்டர்" என்றாள்.

டாக்டர் நடந்ததை எழுதுவார், போலீஸ் வரும், வீட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்றால் பெண்கள் தங்க அரசாங்கத்தின் இடம் இருக்கிறது என்று தெய்வாத்தாள் மளமளவென்று சொன்னாள்.

"நீ சரின்னாத்தான் போறது, சாமி."

வெளியே யாரோ நடக்கும் சத்தம். அது கடந்து போனதும் அபிராமி எழுந்தாள்.

விரலுக்கு எக்ஸ்ரே எடுக்க என்று சொல்லி இருவரும் ஏறிய கம்பெனி வேன் கேட்டை நெருங்கும்போது தெய்வாத்தாளின் போன் அடித்தது. எங்கேயும் கிடைக்கவில்லையாம், அப்படியானால் விரலுக்குள்தான் இருக்கும், தானும் வருவதாகச் சொன்னான் முனீஸ்.

"எக்ஸ்ரேவுலயும் இல்லைன்னா என்னங்க பண்ணுவீங்க? லைன விட்டுட்டு வந்தா மேனேஜர் உங்களத்தான் கேப்பாரு."

அவன் போனை வைத்துவிட்டான். வாட்ச்மேன் கேட்டைத் திறக்க ஒரு யுகம் ஆனது. திருப்பத்தில் வேன் திரும்பும்வரை தெய்வாத்தாள் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் என்ன ஆச்சு என்றார். தெய்வாத்தாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரு கழுத்த நெரிச்சாரு" என்றாள் அபிராமி. குரல் கரகரத்தது. ஆனாலும் டாக்டருக்குக் கேட்டது.