அணில் புழுக்கையும் சாணித் தண்ணீரும்

1.

காட்டு அணில்களின் குடலில் புது வைரஸ்கள் கண்டுபிடித்தார்களாம். எங்கோ படித்த அந்த ஒரு வரிதான் இந்தக் கதைக்கு விதை. யாருக்கும் காய்ச்சல் இல்லை, சாவு இல்லை. இதை வைத்துக்கொண்டு என்னத்தை எழுதுவது, என் தலையெழுத்து.

2.

பாரிவாக்கத்துக் காட்டில் அந்தி மயங்கும் வேளையில் சபீனா தன்னந்தனியாக…

காடாவது கீடாவது. சென்னையை ஒட்டிய ஊரில் பிளாட் கல் நடாத இடம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். அடித்துவிட்டேன்.*

(* காட்டு அணில் என்றால் யாரும் வளர்க்காத அணில். அவ்வளவுதான்.)

3.

சபீனா ஆராய்ச்சி மாணவி. பாரிவாக்கத்தில் கண்ணம்மா என்பவளின் வீட்டு வாசல் கொய்யா மரத்தடியில் சாயங்காலம் வெள்ளைத் துணி விரிப்பாள். மறுநாள் காலை வந்து, அதில் விழுந்திருக்கும் அணில் புழுக்கையைக் குப்பியில் எடுத்துப் போவாள். மூன்று வருஷமாக இதே பிழைப்பு. கடைசியில் இரண்டு புது வைரஸ்கள் கிடைத்தன. டாக்டர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

அப்போதுதான் பேராசிரியர் கேட்டார், அணில் புழுக்கையில் மாட்டின் தடயம் எப்படி வந்தது என்று. சபீனா நேரே கண்ணம்மாவிடம் வந்து நின்றாள்.

"சாணி தெளிக்காம எப்டிம்மா கோலம் போடறது? உன் துணி மேலயும் பட்டுது, அலசி விரிச்சேன். நீ தேடுவியேன்னு புழுக்கைய ஒண்ணு உடாம பொறுக்கி, மறுபடி துணிலயே வெச்சிட்டேன்."

"என்னிக்குக்கா?"

"தெனமுந்தான்."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். உதவி செய்தவளை எப்படித் திட்டுவது? கண்ணம்மா கொடுத்த டீயைக் குடித்தாள். அழுகை அழுகையாக வந்தது.

(பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். இங்கே அணில், மாடாய் முடிந்திருக்கிறது.)

4.

முடிவுக்கு வருவோம். சபீனா வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்கிவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லி மூன்று வருஷத்தையும் குப்பையில் போடுகிறாள். அதற்கு மனசு வரவில்லை. கண்ணம்மாவையாவது வில்லியாக்கலாம் என்றால், அந்த மனுஷி எனக்கும் ஒரு டீ போடுகிறாள்.

அந்த வைரஸ் அணிலுடையதா, மாட்டினுடையதா? சத்தியமாக எனக்குத் தெரியாது. சுத்தமான புழுக்கை கிடைத்தால்தான் சபீனாவுக்கே தெரியும்.

5.

அதனால் மறுபடியும் துணியை விரித்தாள். நாளை ஒரு நாள் மட்டும் சாணி தெளிக்க வேண்டாம் என்று கண்ணம்மாவிடம் கெஞ்சினாள். கண்ணம்மா விரல் விட்டுக் கிழமை எண்ணினாள்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம ஆச்சேம்மா."

இதற்கு மேல் என்னால் ஆகாது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே பாரிவாக்கம் போங்கள். கண்ணம்மா எழுவதற்குள் அந்தத் துணியை எடுத்து வையுங்கள்.