தீராத தலைப்பு

அத்தானுக்கு வேலை மாற்றம் வந்ததும் எல்லாரும் வாழ்த்தினார்கள். நான் போய் ஒரு மைக் வாங்கினேன். அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டால் எங்கள் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்று சுருங்கிவிடும் என்று எனக்குப் பயம். வாரம் ஒரு பாட்காஸ்ட் என்று கட்டிப்போட்டால் தப்பிக்க மாட்டாள் அல்லவா? அதை அவளிடம் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் பெரிய ஆளாயிடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

தலைப்புதான் அமையவில்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். "கண்ணைப் பத்திப் பேசலாமா?" என்றேன்.

"ரெண்டு கண்ணுதானே இருக்கு. ரெண்டு வாரத்துல தீர்ந்துடும்."

"அப்ப பல்லு? முப்பத்திரண்டு இருக்கே."

அக்கா பல் மருத்துவரிடம் உதவியாளர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டே பழகியவள், பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். "வேலையிலயும் பல்லு, இங்கயும் பல்லா? வேற சொல்லு."

"மாமியார்?"

"எங்க மாமியாருக்கு பாட்காஸ்ட் கேக்கத் தெரியும்டி."

எதைச் சொன்னாலும் ஒரு நொட்டை. சரி, முதலில் சும்மா பேசிப் பதிவு செய்து பார்ப்போம் என்று துணி அலமாரிக்குள் உட்கார்ந்தோம். துணி இருந்தால் எதிரொலிக்காது என்பார்கள். அத்தானின் சட்டைகள் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டதால் எங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கடைசியில் போர்வையை இழுத்துத் தலையில் மூடிக்கொண்டு பேசினோம்.

மறுநாள் முழுக்க அதை வெட்டி ஒட்டினேன். இருமலை எடுத்தேன், தும்மலை எடுத்தேன், வார்த்தைக்கு வார்த்தை வந்த "அப்புறம்" அத்தனையையும் களை பிடுங்குவது போலப் பிடுங்கி எறிந்தேன்.

கட்டி வைத்த பெட்டி மேல் உட்கார்ந்து கேட்ட அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"யாருடி இது? நியூஸ் வாசிக்கிற ரெண்டு பேரு மாதிரி இருக்கு."

"அப்புறம் அப்புறம்னு வீணா வந்ததைத்தான் எடுத்தேன்."

"அதுவா வீண்? பேச ஒண்ணும் இல்லைன்னாலும் நீ அப்புறம்னு கேப்ப. அதனாலதான் நான் போனை வைக்கிறதில்ல. அங்க போனதும் நீ கேக்காம விட்டுடுவியோன்னு எனக்குத் தூக்கமே வரலை."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினேன்.

"இப்ப தலைப்புன்னு என்ன போடுறது?"

"அப்புறம்னு போடு" என்றாள் அக்கா. "அது தீராது."

அவள் கிளம்பிய அன்று நான் ஒழுங்காக விடைகூடக் கொடுக்கவில்லை. நான் கொடுத்த மைக்கைப் பெட்டிக்குள் எல்லாத் துணிக்கும் அடியில் வைத்துவிட்டாள் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டாவிட்டால் அழுதிருப்பேன். கார் தெருமுனைகூடத் திரும்பவில்லை, என் போன் அடித்தது.

"அப்புறம்?" என்றாள் அக்கா.