வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த ஓடு

கொழுந்தன் பெண்டாட்டி வந்த மூன்றாம் மாதமே ஐந்து கோழிகளை வாங்கிவிட்டாள். அதுவும் எங்கே? மூத்த மருமகளின் கொல்லைக்குப் பக்கத்திலேயே, நடுவில் ஒரு கம்பிவேலியை மட்டும் விட்டு. "என்னைப் பாத்து காப்பியடிக்கிறா, பாரேன்" என்று மூத்தவள் தையல் மெஷினிடம் சொல்லிக்கொண்டாள். வேறு யாரிடம் சொல்வது?

ஆறு வருஷமாக மாமனாருக்குக் காலையில் அவித்த முட்டை ஒன்று. மூத்தவளின் கோழி போட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், யாரையும் வாய்விட்டுப் பாராட்டாத மனுஷன். அந்த முட்டையைத் தின்றதும் மட்டும் "நல்லாருக்கும்மா" என்பார். அது போதும் அவளுக்கு, நாள் முழுக்க உட்கார்ந்து தைக்க.

ஒருநாள் இளையவள் நாலு முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். மாமனார் ஒன்றைத் தின்றுவிட்டு, "மஞ்சக்கரு என்னமா இருக்கு!" என்றார். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

விடுவாளா? அன்றிலிருந்து தன் கோழிகளுக்கு மீந்த சோறு, ரொட்டி, மக்காச்சோளம் எல்லாம் கூடை கூடையாகக் கொட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் இளையவள் காலையில் அளந்து தீவனம், மதியம் கொஞ்சம் கீரை, சாயங்காலம் ஒரே ஒரு பிடி சோளம், மூலைக் கிண்ணத்தில் ஏதோ ஒரு பொடி என்று வைப்பாள். கஞ்சப் பிசினாறி! மூத்தவளின் கோழிகள் கொழுத்து, நடக்க முடியாமல் ஆடி அசைந்தன. முட்டை ஓடோ காகிதமாகிப்போனது. எடுத்தால் கையிலேயே நசுங்கும், வெந்நீரில் போட்டால் வெடிக்கும்.

மாமனாரின் தட்டு காலியாக இருக்கலாமா? இளையவள் நுழைந்துவிட மாட்டாளா? மூத்தவள் கடையில் முட்டை வாங்கி, தைக்க வந்த துணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். கடை முட்டை வெள்ளை, அவள் கோழி போடுவது பழுப்பு. அதனால் சமையலறையிலேயே உரித்துக் கொடுத்தாள். "நல்லாருக்கும்மா" என்றார் மாமனார். குப்பைக் கூடையைக் கொட்டுவது அவர் வேலை என்பதால் ஓட்டை அதில் போட முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள். இளையவள் கொல்லை நாறட்டுமே என்று ஒரு சின்னச் சந்தோஷம் வேறு.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. இளையவள் மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், மூத்தவள் வேலிக்கதவைத் திறந்து உள்ளே போய்ப் பொடி டப்பாவைக் கையில் எடுத்தாள். என்ன மருந்து வைக்கிறாள் என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அக்கா? என்ன தேடறீங்க?"

சாப்பிட வந்திருக்கிறாள், பாவி.

"என் கோழி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு..." அவளுடைய ஆறு கோழிகளும் வேலிக்கு அப்பால் மூச்சு வாங்கப் படுத்துக் கிடந்தன.

இளையவள் சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. முட்டை ஓடுதான் அக்கா. வறுத்துப் பொடிச்சு வெப்பேன். ஓடு கெட்டியாக அதுதான் வேணும். வெறும் சோறும் ரொட்டியும் போட்டா கொழுப்புதான் ஏறும்."

மூத்தவள் டப்பாவுக்குள் பார்த்தாள். பழுப்புத் துணுக்குகள் கொஞ்சம். பாதிக்கு மேல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என் கோழிங்க போடுறது எல்லாம் பழுப்புதான்" என்றாள் இளையவள் மெதுவாக. "உங்களோடதும்தான்."

இத்தனை நாளும் மூத்தவள் இளையவளின் கோழிகளுக்குத் தன் கையாலேயே தீனி போட்டிருக்கிறாள்!

"மாமாகிட்ட..."

"நான் ஏன்க்கா சொல்லப்போறேன்? உங்க முட்டைன்னு ஆசையா சாப்பிடறாரு." டப்பாவை மூடி அவள் கையிலேயே கொடுத்தாள். "கொண்டுபோங்க. தீவனத்தை அளந்து போட்டுட்டு சோத்தைக் குறைங்க. சீக்கிரம் சரியாயிடும்."

மூத்தவள் தன் கொல்லைக்குத் திரும்பினாள். இவள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தாலாவது நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். முட்டையும் நல்ல முட்டை, மனசும் நல்ல மனசு. எல்லாமா ஒருத்திக்கே வாய்க்கும்? எரிகிற வயிற்றோடு ஒரு பழைய கிண்ணத்தைத் தேடி எடுத்து, பொடியைக் கொட்டி வைத்தாள். ஆறு கோழிகளும் எழுந்து ஓடிவந்தன.