கட்டில் காலில் போட்ட முடிச்சு

மூன்றாவது முறையும் எவராவது படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால், அதை விற்றுவிட வேண்டியதுதான் என்று பட்டியலாரின் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். முதல் இரண்டு முறையும் மீன்பிடிப் படகுகள் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டன.

ஆகவே பட்டியலார் இந்தத் தடவை எதையும் விதியின் கையில் விடவில்லை. பதிவறையில் முப்பது வருடம் கோப்பு அடுக்கியவர். பல் தேய்ப்பதற்கும் பட்டியல் போடுவார் என்பதால் அந்தப் பெயர். ஒரு பாய், இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் இடம், அவ்வளவுதான் படகு. கரையோரமாகவே அடுத்த துறைவரை போய் மறுநாள் திரும்புவதற்கு அறுபத்தொரு இனங்கள் எழுதினார். அத்தனைக்கும் எதிரே சிவப்பு மையில் சரிக்குறி.

சாட்சிக்கு மனைவி தன் தம்பியை ஏற்றிவிட்டாள். மருந்துக்கடைக்காரன். கடலை அதுவரை கடை நாட்காட்டியில் மட்டுமே தரிசித்தவன்.

போகும்போது ஒரு குறையுமில்லை. திரும்பும்போது, துறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காற்று அடியோடு நின்றது. பாய், காயப்போட்ட போர்வை மாதிரித் தொங்கியது. நீரோட்டம் படகை மரியாதையாகப் பாறைகளின் பக்கம் அழைத்துப்போனது.

"பதறாதே. முப்பத்தேழாவது இனம். காத்து நின்னா நங்கூரம்" என்றார் பட்டியலார்.

நங்கூரத்தைத் திறப்புவிழா நடத்துகிறவர்போல் போட்டார். கயிறு சரசரவென்று ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதன் வாலும் விளிம்பைத் தாண்டி விடைபெற்றது.

"அத்தான், கயித்தோட மறுமுனையைப் படகுல கட்டணுமோ?"

"கட்டியாச்சு. சரிக்குறி இருக்கு பாரு."

"எங்க கட்டினீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முடிச்சைப் படுக்கையறையில், கட்டில் காலில் கட்டிப் பழகியிருந்தார். அருமையான முடிச்சு; கட்டில் ஓரங்குலம்கூட மிதந்து போகவில்லை. அங்கேயே சரிக்குறியும் போட்டார். பிறகு அவிழ்த்து, சுருட்டி, படகில் வைத்தார்.

மீன்படகு ஒன்று அருகே வந்தது. "அண்ணே, கயிறு போடட்டுமா?"

"வேண்டாம்ப்பா! சும்மா மிதக்கலாம்னுதான் வந்தோம்."

"பாறை மேலயா?"

"அத்தான், வீம்பு பண்ணாதீங்க! எனக்குக் கடை இருக்கு, குடும்பம் இருக்கு!"

"துடுப்பைப் போடுடா!"

இருந்த ஒற்றைத் துடுப்பால் மச்சினன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வலித்ததில், படகு பாறைக்குத் தப்பி மணல்திட்டில் போய்க் குந்தியது. திட்டைத் தாண்டினால் இடுப்பளவுத் தண்ணீர், கரைவரைக்கும் அப்படியே. பட்டியலார் சட்டையோடு குதித்தார். முன்முனைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மச்சினன் பின்னாலிருந்து தள்ளினான், திட்டிக்கொண்டே.

படித்துறையில் மனைவி நின்றிருந்தாள். "மறுபடியும் இழுத்துட்டு வந்தாச்சா?"

"எவனும் இழுக்கலை. நான்தான் இழுத்தேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கால்சட்டையைப் பிழிந்தான். "நெசந்தான்க்கா. மீன்காரர் கூப்பிட்டுக்கூடப் பாத்தாரு. இந்த மனுஷன் அசையலை."

எவராவது இழுத்து வந்தால்தான் விற்பது என்று சொன்னவள் அவளேதான். பேச்சு பேச்சுதான். "சரி, படகு இருக்கட்டும். நங்கூரம் எங்க?"

"அது நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார் பட்டியலார், முழங்கையிலிருந்து பாசியை எடுத்தபடி. "நாங்கதான் வந்துட்டோம்."